பூட்டுக் காது ஏன் கிழிகிறது?

கேள்வி: தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 1.6 மி.மீ. இரும்புத் தகட்டில் மின்மீட்டர் பெட்டி செய்கிறோம். தகட்டை ஓரிடத்தில் லேசரில் வெட்டி வாங்கி, வேறோர் இடத்தில் கொடுத்து வளைக்கிறோம். மூடியில் பூட்டு மாட்டும் காதை 90 டிகிரி மடக்கும்போது அதன் அடியில் இரண்டு ஓரமும் கிழிகிறது. காதின் இருபுறமும் வளைவுக் கோடு வரை லேசர் கீறல் விட்டிருக்கிறோம். பிறகும் ஏன் இப்படி? தகடு மட்டமா, ஐயா?
– வாசகர், தாராவி

பதில்: தகட்டைக் குறை சொல்லும் முன் கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வளைவின் முதுகில், காதின் அகலம் நெடுக மயிரிழை போல வெடித்திருந்தால் தகட்டின் தரத்தையோ, அது உருட்டப்பட்ட திசையையோ சந்தேகிக்கலாம். உங்களுக்கு இரண்டு ஓரத்தில் மட்டும்தான் கிழிகிறது. தகட்டின் மேல் தப்பில்லை, வரைபடத்தில்தான் தப்பு.

‘வளைவுக் கோடு வரை’ என்று எழுதியிருக்கிறீர்களே, பிசகு அங்கேதான். கோடு வரைபடத்தில் இருக்கிறது. தகட்டில் வளைவது ஒரு பட்டை. 1.6 தகட்டுக்குப் பெரும்பாலும் 12 மி.மீ. வாய் உள்ள வி-டை போடுவார்கள். உள் ஆரம் சுமார் 2 மி.மீ. வரும். கணக்குப் போட்டால் பட்டையின் அகலம் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல்: கோட்டுக்கு அந்தப் பக்கம் 2, இந்தப் பக்கம் 2. உங்கள் கீறல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதிப் பாதி வளையவும் வேண்டும், அசையாமல் கிடக்கும் பக்கத்துத் தகட்டோடு ஒட்டியிருக்கவும் வேண்டும். இரும்பு என்ன செய்யும்?

உங்கள் தெருவில் தைக்கிறவரைக் கேளுங்கள். சதுரக் கழுத்தைத் திருப்பும் முன் மூலையில் தையலை ஒட்டி ஒரு வெட்டு விடுவார். வெட்டு எட்டாமல் போனால் துணி சுருங்கி இழுக்கும். துணி சுருங்கும் இடத்தில் தகடு கிழிகிறது.

ஆகவே வெட்டை வளைவுக் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. உள்ளே கொண்டுபோங்கள். ‘தடிமன், உள் ஆரம், அதோடு அரை மி.மீ.’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சரியான கணக்குதான். ஆனால் அது மடக்கிய பிறகு காதின் வெளிமுகத்திலிருந்து அளப்பது. அதைக் கோட்டிலிருந்து அளந்தால் வெட்டு வேண்டியதைவிட ஆழமாகிவிடும்.

அகலம் தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. நான் 2 மி.மீ. வைப்பேன். இப்போது இருப்பது லேசர் போன தடம் மட்டும், 0.2 மி.மீ. இருந்தால் அதிகம். அதற்குள் பவுடர் கோட்டிங் சரியாக இறங்காது, கழுவும் திரவம் தங்கும், மும்பையின் ஒரு மழைக்காலத்தில் துரு எட்டிப்பார்க்கும். வெட்டின் முனையை அரைவட்டமாக முடியுங்கள். கூர்முனையில் விசை குவிந்து கிழிசல் அங்கிருந்து ஓடும். பஞ்ச் பிரஸ்ஸில் இதற்குத் தனிக் கருவி தேட வேண்டியிருக்கும். லேசருக்கு வெளிவிளிம்போடு சேர்ந்து போகும் ஒரு வளைவுதான். புதிதாகத் துளை போட்டுத் தொடங்க வேண்டியதில்லை, கூலியும் ஏறாது.

வளைக்கிறவரிடம் எந்த டை போடுகிறார் என்று கேட்காமல் வரைபடத்தை முடிக்காதீர்கள். 16 வாய் டை என்றால் பட்டை 5 மி.மீ.யைத் தாண்டும், வெட்டு மூன்றரையாவது வேண்டும். எஸ்.எஸ். தகட்டிலும் அதே டையில் ஆரம் கொஞ்சம் கூடும். மூடியின் ரப்பர் கேஸ்கெட்டுக்கு உள்ளே வெட்டு போய்விடாமலும் பாருங்கள், தண்ணீருக்கு வழியாகிவிடும்.

இடம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். வளைவுக் கோட்டையே மூடியின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. வெளியே தள்ளுங்கள். பட்டை முழுக்கக் காதுக்குள் வந்துவிடும், வெட்டே வேண்டாம்.

கிழிந்த மூடிகளை அப்படியே பெயின்ட் அடித்து அனுப்பாதீர்கள். பூட்டை உடைக்க வருகிறவன் முதலில் நெம்புவது அந்தக் காதைத்தான். கிழிசலை வெல்டு வைத்து, தேய்த்து, பிறகு கோட்டிங்குக்குக் கொடுங்கள். அடுத்த மொத்த ஆர்டருக்கு முன்னால் துண்டுத் தகட்டில் ஒரே ஒரு காதை வெட்டி, அதே டையில் மடக்கிப் பாருங்கள்.