சேருமிடம் அறிதல்

கல்லணையை அடைந்த காவிரி நீர், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து தஞ்சை வளநாட்டின் வயல்களை நாடிச் செல்கிறது. வாய்க்காலின் தலைப்பில் நிற்பவர்க்கு நீர் தெரியும். அது சென்றடையும் கடைமடை தெரியாது. ஆயினும் அந்நீர் எங்கே போகும் என்பதை அறிந்த பின்னரே உழவர் மதகைத் திறப்பர். கைப்பேசியில் வரும் சுருக்க இணைப்பைத் திறப்பவர்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது.

இணையத்தள முகவரிகள் சில மிக நீண்டவை. அவற்றைச் சில எழுத்துகளில் அடக்கித் தரும் பணியை 'டைனியூஆர்எல்' 2002 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 'பிட்லி' 2008 இல் தோன்றிற்று. ஒரு செய்திக்கு 140 எழுத்துகளே என்று ட்விட்டர் வரையறுத்திருந்த அக்காலத்தில் இவை விரைந்து பரவின. இவற்றின் செயல்முறை எளியது. சுருக்கித் தரும் நிறுவனத்தின் கணினியில் பேரேடு போன்ற ஒரு பட்டியல் உண்டு. அதில் குறுமுகவரிக்கு நேரே உண்மை முகவரி பதிந்திருக்கும். குறுமுகவரியைத் தொட்டவுடன், கணினி அப்பட்டியலைப் பார்த்து, தொட்டவரை உண்மை முகவரிக்குத் திருப்பிவிடும். தொடுபவர்க்கோ சேருமிடம் முன்னரே தெரிவதில்லை. இம்மறைவே வஞ்சகர்க்குத் துணையாகிறது.

நடுவண் அரசு 2019 இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின்படி, தகுதியுள்ள உழவர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் அளிக்கப்படுகிறது. இத்திட்டத்தின் பெயராலும் பொய்ச் செய்திகள் உலவியதுண்டு. தவணை நின்றுவிடும் என்று அச்சுறுத்தும் செய்தியின் கீழ் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் அரசுத் தளம் போன்ற பக்கம் தோன்றும். அல்லது தீய செயலி ஒன்று கைப்பேசியில் இறங்கும். அங்கே கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் கொடுத்தால், சம்பா நடவுக் கூலிக்கென வங்கியில் வைத்த பணம் நொடியில் மறைந்துவிடும். எழுத்தறியாத பாட்டனார், பள்ளியில் பயிலும் பேரனிடமோ பேத்தியிடமோ கைப்பேசியை நீட்டிப் படிக்கச் சொல்வது வழக்கம். ஆதலின் குடும்பத்தின் பொருளைக் காக்கும் பொறுப்பு மாணவர்க்கும் உண்டு.

இணைப்பைச் சோதிக்க வழிகள் உள. முதலில், அதனைத் திறவாமல், விரலால் அழுத்திப் பிடித்துப் படியெடுத்தல் வேண்டும். பிட்லி முகவரியாயின், அதன் இறுதியில் '+' குறியைச் சேர்த்து உலாவியில் இட்டால், சேருமிடம் முன்கூட்டியே காட்டப்பெறும். பிற சுருக்கங்களை விரித்துக் காட்டும் தளங்களும் உள.

அடுத்து, விரிந்த முகவரியைக் கூர்ந்து படித்தல் வேண்டும். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டிற்கும் அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டிற்கும் இடையிலுள்ளதே தளத்தின் பெயர். இந்திய அரசுத் தளங்களுக்கே உரிய 'புள்ளி கவ் புள்ளி இன்' என்பது அப்பெயரின் இறுதியில் வருதல் வேண்டும். புள்ளிக்கு மாறாகச் சிறு கோடு இருப்பினும், அதன்பின் வேறு சொல் தொடரினும், அது பிறர் தளமே. பூட்டுக் குறியைக் கண்டு மயங்கலும் ஆகாது. செய்தி மறைகுறியாகச் செல்வதை அது காட்டுமேயன்றி, தளத்தாரின் நேர்மையைக் காட்டாது.

விரித்த முகவரியும் மீண்டும் வேறிடத்திற்குத் திருப்பக்கூடும். ஆகவே ஐயம் எஞ்சினால், இணைப்பைத் திறவாமல் விட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வங்கியிலோ நேரில் கேட்டறிதலே நன்று. பணம் பறிபோய்விட்டால், நாணி மறைக்காமல் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தாது முறையிட்டால், பணம் கைமாறிச் செல்வதைத் தடுக்க வாய்ப்புண்டு.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது ஆற்றங்கரை மக்கள் நன்கறிந்த பழமொழி. சேருமிடம் அறியாமல் இணைப்பைத் தொடாதிருத்தலும் அத்தகைய அறிவேயாகும்.