என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருக்கா?

கணக்குக்கு ட்யூஷன் வைக்கிறோம், இங்கிலீஷுக்கு வைக்கிறோம். உடம்பை மட்டும் கடைசியில்தான் பார்க்கிறோம். மெடிக்கலில் திரும்பி வரும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது நாமே முன்கூட்டிச் சரிசெய்யக்கூடிய சின்னக் குறைதான், தோழிகளே.

1. யூ.பி.எஸ்.சி. அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். காதுக்குறும்பி, மூக்குத்தண்டு வளைவு, டான்சில், மூலம், விரைவீக்கம், எடை கூடுதல் குறைச்சல் எல்லாவற்றையும் சரிபண்ணிக்கொண்டு வரச்சொல்லி அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

2. என் பையன் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு வரும் எஸ்.எஸ்.பி. நேர்காணலின் ஐந்து நாளையும் தாண்டிவிட்டு, மருத்துவப் பரிசோதனையில் காதுக்குறும்பிக்காக 'டெம்பரரி அன்ஃபிட்' வாங்கி வந்தான். தினமும் பட்ஸ் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமை வேறு. அந்த பட்ஸ்தான் அழுக்கை உள்ளே தள்ளி அடைத்திருக்கிறது! இரண்டு வாரம் முன்பே காது மூக்கு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

3. தட்டைப் பாதம் இருக்கிறதா என்று பார்க்கக் காசில்லாத சோதனை ஒன்று: குளித்த ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நிற்கச் சொல்லுங்கள். உள்பக்கம் வளைவாகத் தரை காய்ந்திருந்தால் நிம்மதி. பாதம் முழுக்கப் பதிந்தாலும், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, வலியில்லாமல் ஓட முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. இல்லையென்றால் எலும்பு டாக்டர்.

4. முழங்கால் இரண்டும் ஒட்ட நிற்கும்போது கணுக்கால்களுக்கு நடுவே தையல் டேப்பை வையுங்கள். பையன்களுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிரச்சினை.

5. பல்லுக்கும் மார்க் உண்டு, 14 பாயின்ட் வேண்டும். சொத்தைப் பல்லை இப்போதே அடைத்தால் செலவு குறைவு. விட்டால் வேர் சிகிச்சைதான்.

6. கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துவிடலாமே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 20 வயதுக்கு முன் செய்ததை ஏற்க மாட்டார்கள், என்.டி.ஏ.வோ 19½ வயதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், நிறக்குருடு சோதனையை மட்டும் முதல் வேலையாகச் செய்யுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

7. திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்ளும் ஆசை வந்தால் தடுத்துவிடுங்கள். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும்தான் அனுமதி.

8. விண்ணப்பத்தில் விமானப்படை ஒன்றையே குறித்துவிட்டு நிற்காதீர்கள். பைலட்டுக்கான அளவுகோல் கடுமையானது. அதில் தேறாத பிள்ளை தரைப்படைக்குத் தாராளமாகப் பொருந்தலாம்.

9. பழைய ஆபரேஷன், ஆஸ்துமா எதையும் மறைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், கூடவே ஜெராக்ஸ் இரண்டு.

10. 'அன்ஃபிட்' என்றதும் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது, 42 நாள் கெடு. அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வரச்சொல்லுங்கள். எங்கள் பையன் அப்படித்தான் காதைக் கழுவிக்கொண்டு போய்த் தேறினான்.

11. முதல் முறை எஸ்.எஸ்.பி. போகும் பிள்ளைக்கு ரயில் கட்டணம் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டை சட்டைப் பையோடு துவைத்துவிடாதீர்கள்!