எந்த மூட்டையைத் தூக்க?

கேள்வி: பி.காம். முடித்தவன், ஊன்றுகோலுடன் நடக்கிறேன். எழுத்துத் தேர்வில் தேறினாலும், நேர்காணலில் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று திருப்பிவிடுகிறார்கள். மனம் சோர்கிறது.

பதில்: இரா சிங்காலுக்கும் இப்படித்தான் நடந்தது. முதுகெலும்பு வளைவு உள்ள அவர், 2010 குடிமைப் பணித் தேர்வில் வென்று வருவாய்ப் பணிக்குத் தகுதி பெற்றார். தள்ள, இழுக்க, தூக்க இயலாதவர் என்று பணி மறுக்கப்பட்டது. வரித்துறை அதிகாரி எந்த மூட்டையைத் தூக்கப் போகிறாரோ! சிங்கால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். விடாமல் தேர்வும் எழுதி, 2014 தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார்.

எல்லோராலும் முதலிடம் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டியதும் இல்லை. கவனிக்க வேண்டியது, மறுப்புக்கான காரணத்தை அவர் கேள்விக்கு உட்படுத்தியதைத்தான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. கேட்டதும் விழிக்கும் நிறுவனம் எப்படிப்பட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நேர்காணலில் ஊன்றுகோலைப் பற்றிக் குழுவினர் தயங்கினால், நீங்களே பேச்சை எடுக்கலாம். சாய்தளமோ தரைத்தள இருக்கையோ, தேவையானதைச் சொல்லிவிட்டுக் கணக்கியலுக்குப் போய்விடலாம். பாகுபாடு வெளிப்படையாக இருந்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அதற்கு மறுப்புக் கடிதம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.