தாராபுரத்தில் புதுவீடா? தானியத்துக்கு முன் தண்ணீர் வையுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் தாராபுரத்தில் புதிதாகக் குடியேறுவோர், பறவைகளை வரவழைக்க முதலில் கம்பும் அரிசியும் தூவுகிறார்கள். ஆனால் வறண்ட ஊரின் கோடையில் பறவைக்கு அரிதாவது தண்ணீர்தான். தானியம் புறாவையும் சிட்டுக்குருவியையும் அழைக்கும். பூச்சி பிடிக்கும் கரிச்சானுக்கும் தேன் உறிஞ்சும் தேன்சிட்டுக்கும் அதனால் பயனில்லை. நீரோ குடிக்கவும் குளிக்கவும் பலவகைப் பறவைகளுக்குப் பொது. வாயகன்ற மண்தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் நீர் ஊற்றி, நடுவே கல் ஒன்றை இட்டு, மர நிழலில் வையுங்கள். அடுத்து, சுற்றுச்சுவருக்குப் பதில் கிளுவை வேலி போடுங்கள். கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நம் உழவர்கள் வளர்ப்பது இதைத்தான். போத்து நட்டாலே துளிர்க்கும், வறட்சி தாங்கும், முள்ளுக்குள் தவிட்டுக்குருவிக்கு மறைவிடமும் தரும்.

தேங்கிய நீரில் கொசு வராதா என்ற கேள்வி நியாயமானது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தினமும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றினால் அதற்கு வழியே இல்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் இது வீணா என்றால், தேவை ஓரிரு லிட்டர்தான். பழைய நீரும் செடிக்கே போகும். பூனை பதுங்கிப் பாயாதிருக்க, தட்டைப் புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். இந்த மண்ணுக்கு ஏற்ப வீட்டை அமைத்தால், இந்த மண்ணின் பறவைகள் தாமே வரும்.