கொல்லைக் கதவைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது. இரண்டு திண்ணை, ரேழி, கூடம், சின்ன முற்றம், பின்னால் அடுக்களை, கொல்லை. அவ்வளவுதான். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யம் போன தொண்டர்களுக்கு, போலீசுக்குத் தெரியாமல் இராத்திரியில் கொல்லை வழியாகத் தாத்தா சோறு கொடுத்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறோம். கஜா புயலில் பாதிக் கூரை போய்விட்டது. தகரம் போட்டு வைத்திருக்கிறோம். அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். இடித்துவிட்டு மாடி வீடாகக் கட்டலாம் என்கிறார் அண்ணன். நினைவு இல்லமாக்கச் சொல்லி அரசுக்கு மனுப் போடுங்கள் என்கிறார்கள் ஊரில். எடுத்துக்கொள்வார்களா? இடித்தால் சட்டச் சிக்கல் வருமா? என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர்

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழகத்தின் 1966-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம், அரசு அறிவிக்கை செய்த சின்னங்களுக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. நூறு வயதாகிவிட்டது என்பதாலேயே ஒரு வீடு அந்தப் பட்டியலில் ஏறிவிடாது. ஆகவே அப்படி அறிவிக்கப்படாத உங்கள் வீட்டை இடிக்க அந்தச் சட்டம் தடையாக இருக்காது. புது வீட்டுக்கு ஊராட்சி அனுமதியும், சொத்து பாகப்பிரிவினை ஆகாமல் இருந்தால் வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

அரசு எடுத்துக்கொள்ளுமா? எதிர்பார்க்காதீர்கள். வேதாரண்யத்தை ஒட்டிய அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் ஏற்கெனவே நிற்கிறது. பெரிய பெயர்களுக்கே வீடு தங்குவதில்லை. திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த 'தியாகராஜ விலாசம்' 2012-இல் இடிபட்டது. மைசூர் யாதவகிரியில் ஆர்.கே.நாராயண் வீட்டை இடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஊர் விழித்தது; மாநகராட்சி விலைக்கு வாங்கியதால் அது தப்பியது. கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வீட்டை ஒரு பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. தப்பித்த வீடுகளுக்குப் பின்னால் பணம் போட ஒருவர் இருந்தார். உங்கள் வீட்டுக்கு உங்கள் குடும்பத்தை விட்டால் ஆள் இல்லை.

இனி தாத்தா கதை. அதை நான் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அப்போது தஞ்சைக் கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை என்று எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதும், தொண்டர்கள் தங்கும் இடத்தில் புதைத்து வைத்துச் சொல்லிவிட்டதும் இதனால்தான். அகப்பட்டால் சிறை என்று தெரிந்து செய்த காரியத்துக்கு யாரும் குறிப்பு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாவிட்டாலும் அது கதை பொய் என்பதற்குச் சாட்சியாகாது.

அதற்காக அப்படியே நம்பவும் வேண்டாம். அப்பா எந்தப் பருவத்தைச் சொன்னார்? சித்திரை, வைகாசி என்றால் பொருந்தும். ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி கைதான பிறகும் வேதாரண்யத்தில் போராட்டம் சில வாரங்கள் நடந்தது. வந்து சாப்பிட்டவர்கள் பின்னால் போனவர்களாகவும் இருக்கலாம். அடைமழையில் நனைந்து வந்தார்கள் என்று கதை இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது, வீடு 1930-இல் இருந்ததா? மூலப் பத்திரத்தையும் பழைய வில்லங்கத்தையும் எடுத்துப் பாருங்கள். கூரையில் சீமை ஓடு இருந்தால் இறக்கும்போது புரட்டிப் பாருங்கள். பேசல் மிஷன் முத்திரை இருந்தால் அது முதல் உலகப்போரை ஒட்டிய காலத்துக்கு முந்தையது. அதன் பிறகு அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆனால் ஓடு வீடு விட்டு வீடு மாறும். 1952, 1977 புயல்களில் உங்கள் பக்கம் எத்தனை கூரை பறந்து, எத்தனை புதிதாக வேய்ந்திருப்பார்கள்! ஓட்டை மட்டும் நம்பி வயது சொல்லக் கூடாது. சுவரும் நிலையும் அதைவிட நம்பகமான சாட்சி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த ஆண்டு அரசாணைகளைத் தேடலாம். ஊரில் யாராவது தண்டனை பெற்றிருந்தால் அங்கேதான் தடயம் இருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். பழைய வீட்டைக் காப்பாற்றுவது என்றால் எல்லோரும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். திண்ணை, தேக்குத் தூண், நிலைக்கதவு எல்லாம் நிற்கும். பின்கட்டு முதலில் இடிபடும். உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்க வேண்டும். தாத்தா முன்வாசலைத் திறந்து விருந்து வைக்கவில்லை. காரியம் நடந்தது அடுக்களையிலும் கொல்லைக் கதவிலும். சமைத்தது பாட்டியாகத்தான் இருக்கும். கதையில் அவர் பேரே வரவில்லை பாருங்கள்.

ஆகவே என் முடிவு: முழு வீட்டையும் காக்க வேண்டாம், முழுதாக இடிக்கவும் வேண்டாம். அடுக்களை, பின் தாழ்வாரம், கொல்லைக் கதவு மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் அம்மாவுக்கு நல்ல அறை, படி ஏறாமல் போகும் கழிப்பறை, புயல் தாங்கும் தளம் எல்லாம் அண்ணன் விருப்பப்படி கட்டட்டும். நிலைக்கதவை விலைக்குக் கேட்டு வருபவர்களிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். புது வாசலுக்கே அது ஆகும்.

வைத்துக்கொள்ளும் பகுதிக்கு மேஸ்திரியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கூரையைத் தாங்கும் பனங்கைகளின் நடுப்பகுதி பார்க்க நன்றாகவே இருக்கும்; சுவருக்குள் செருகிய முனையில்தான் கரையான் அரித்திருக்கும். கம்பியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் பக்கம் என்பதால் சுவர் அடியில் உப்பு பூத்திருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல் பொடிப்பொடியாகும். பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும். புது அஸ்திவாரத்தைப் பழைய சுவருக்கு ஒட்டித் தோண்டவும் விடாதீர்கள்.

ஆவணம் எதுவும் கிடைக்காமல் போனால்? அப்போதும் அடுக்களையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் "ராஜாஜி உண்ட இல்லம்" என்று கல்வெட்டு வைத்துவிடாதீர்கள். "1930-இல் தொண்டர்களுக்கு இங்கிருந்து சோறு போனதாக எங்கள் குடும்பம் சொல்லிவருகிறது" என்று எழுதுங்கள். அது போதும்.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணன் என்ன சொல்கிறார், ஊர் என்ன சொல்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அந்த அடுக்களையின் புகையில் காலம் தள்ளியவர் அவர். "இடித்துப் போடுங்கள்" என்பாரோ என்னவோ. பாட்டி வாயால் கேட்டது ஏதாவது இருந்தால் அவருக்குத்தான் தெரியும். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்குமுன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.