துடைத்துப் பார்த்தால் அகப்படாது

அன்புள்ள தம்பிக்கு,

சங்ககிரி லாரிக்கு நீ எழுதிய ஜாப் கார்டைப் படித்தேன். பழைய லேலண்ட் காமெட், மைக்கோ இன்லைன் பம்பு. காலையில் செல்ஃப் அடித்ததும் பிடித்து, அரை நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. கைப்பம்பை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. அதுவரைக்கும் சரி. அடுத்த வரிதான் எரிச்சல்: “எல்லா ஜாயிண்டும் துடைத்துப் பார்த்தேன், எங்கும் டீசல் ஒழுகவில்லை.”

ஒழுகாது சாமி! டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரைக்கும் இழுக்கிற பைப். எஞ்சின் ஓடும்போது அங்கே காற்று உள்ளே போகுமே ஒழிய டீசல் வெளியே வராது. ஒழுகல் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகுதான். காய்ந்திருக்கிறது என்று நீ விட்டுவந்த இடத்தில்தான் முதலில் கை வைத்திருக்க வேண்டும்.

ஃபீட் பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஒரு முழம் பிளாஸ்டிக் டியூப் போடு, உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி. அங்கேயே குமிழ் வந்தால் கோளாறு டேங்க் பக்கம். ஃபில்டருக்குப் பிறகு மட்டும் வந்தால் ஃபீட் பம்பையும் ஃபில்டர் தலையையும் பார். இருபது ரூபாய் டியூப் சொல்வதை நம்பாமல் பம்பைக் கழற்றி பம்ப் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இன்னொன்று, பேஞ்சோ போல்ட்டில் சுற்றியதாக நீ எழுதியிருக்கிற வெள்ளை டேப். அந்த போல்ட்டில் அடைப்பது மரை இல்லை, காப்பர் வாஷரின் முகம். அங்கே டேப் சுற்றினால் காற்று நிற்காது. டேப் பிசிறுதான் போய் எங்காவது அடைக்கும். புது வாஷர் போடு. இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, எமரி பேப்பரில் தேய்த்து மாட்டு. செம்பு இளகிவிட்டால் லேசாக முடுக்கினாலே பிடிக்கும்.

டேங்க் பக்கத்துக் கோளாறு எப்படி ஏமாற்றும் என்று சொல்கிறேன். பண்ணாரிக்கு மேலே திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் ஒரு லாரி, போகும்போதெல்லாம் நிற்கும். சாம்ராஜ்நகரில் டேங்க் நிரப்பிக்கொண்டு திரும்பினால் நிற்காது. டிரைவர் மலையைத் திட்டினார், ஓனர் டிரைவரைத் திட்டினார். பம்பு இரண்டு தடவை பம்ப் ரூம் போய் வந்தது, பில்லும் வந்தது. கடைசியில் டேங்குக்குள் இறங்குகிற பைப்பை உருவினேன். பாதி உயரத்தில் மயிரிழை விரிசல். டீசல் அதற்கு மேலே நிற்கிறவரை வண்டி யோக்கியம். கீழே இறங்கினால் காற்றைக் குடிக்கும். அந்தப் பைப்பை வெகுநாள் பட்டறை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன், வருகிற பையன்களுக்குக் காட்ட.

ஆனால் ஒன்று. ராத்திரி வண்டி மூக்கு மேட்டைப் பார்த்து நின்றதா, பள்ளத்தைப் பார்த்து நின்றதா என்று கார்டில் குறித்திருக்கிறாயே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? டீசல் டேங்குக்கே இறங்கிப் போவதற்கு அந்தச் சரிவும் காரணமாக இருக்கலாம். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவர்களே அதைக் கேட்க மாட்டார்கள். படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினேன்.

சங்ககிரி வண்டியில் இப்போது எவ்வளவு டீசல் இருக்கிறது? நீ எழுதவில்லை. பாதிக்குக் கீழே வரட்டும், அப்புறம் டியூப் போட்டு ஓட்டிப் பார். வெளியே ஒரு கேனில் டீசல் வைத்து அதிலிருந்தும் இழுக்க விடு. கேனில் ஒழுங்காக ஓடினால் டேங்கைக் கழற்று. அதை எழுதிய கார்டையும் அனுப்பு.