உலக மந்தமும் நம் கடற்கரையும்

இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கரையேறும் நல்ல இறால் நம் வீட்டுச் சட்டிக்கு வருவது குறைவு. ஐஸ் போட்டு ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. அதை வாங்கும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் கையைச் சுருக்கினால் நம் கரையிலும் விலை தளரும். ஆகவே உலகப் பொருளாதார மந்தத்தைத் தொலைதூரச் செய்தி என நான் கருதவில்லை.

2008 செப்டம்பர் 15-இல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாயிற்று. 2009-இல் யூரோ நாடுகளின் உற்பத்தி 4 விழுக்காட்டிற்கு மேல் சுருங்கியது; அமெரிக்காவிலும் வீழ்ச்சியே. சீனாவோ 9 விழுக்காட்டிற்கு மேல் வளர்ந்தது. ஆனால் ஆசியா முழுவதும் தப்பிவிடவில்லை. ஏற்றுமதியை நம்பிய ஜப்பான் 5 விழுக்காட்டிற்கு மேல் சரிந்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, 1997 நெருக்கடியில் அடிபட்ட ஆசிய நாடுகள் பல, அந்நியச் செலாவணியைச் சேர்த்து வைத்திருந்தன. இரண்டாவது, அவற்றின் வங்கிகள் அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் பெரிதும் சிக்கவில்லை. மூன்றாவது, அரசுகள் துணிந்து செலவிட்டன. சீனா 2008 நவம்பரில் 4 இலட்சம் கோடி யுவான் திட்டத்தை அறிவித்தது.

இந்தியாவில் ஊரக வேலை உறுதித் திட்டம் 2008 ஏப்ரலிலேயே நம் மாவட்டத்திற்கும் வந்திருந்தது. கண்மாய் வெட்டிப் பெற்ற கூலி, உள்ளூர்க் கடைத்தெருவிலேயே செலவாகும் பணமன்றோ!

2009-10-இல் இந்தியக் கடல் உணவு ஏற்றுமதி முதன்முறையாக 200 கோடி டாலரைத் தாண்டியது. மகிழ்ச்சியே. எனினும் பிறர் தட்டை மட்டும் நம்பி வலைவீசுவது ஆபத்து. உள்நாட்டார் கையில் வாங்கும் சக்தி இருப்பதே மந்தக் காலத்தில் நங்கூரம் என்பது நாம் பெறும் பாடமாகும்.